குறு ரொட்டி

திருவனந்தபுரம்,
4-2-1951

அன்புத் தம்பி தாசையனுக்கு,

அக்கா ஜெயபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். முழங்கால் வலி மட்டும் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி உள்ளவரை என்னோடுதான் இருக்கும். மலைக் குளிரில் நீயும் ராகேலும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவனுக்கு இழுப்பு குறைந்ததா?

ஒரு முக்கியமான காரியம். சாலைக் கடைத்தெருவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் ஒருவர், தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் பாடப் புத்தகம் போடுகிறார். எழுதிப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழு. கேக், ரொட்டி, பிஸ்கட் எல்லாம் என் பங்கு. இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதி வருகிறேன். முப்பது பக்கம் ஓடி வந்தவள் 'ஷார்ட்பிரெட்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஷார்ட் என்றால் குட்டை. ஆகவே 'குறு ரொட்டி' என்று எழுதினேன். ஆனால் படத்தில் அது சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக இருக்கிறது. அதில் எது குட்டை?

உன் துரைசாணி ஸ்காட்லாந்துக்காரி. இந்தப் பண்டம் பிறந்த ஊர். நீ பதினோரு வருஷமாக அவர்கள் குசினியில் நிற்கிறாய். போனக்காட்டில் பெரிய பங்களாவுக்கே என் தம்பிதான் சமையல் என்று குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன். துரைசாணியைக் கேட்டு உடனே எழுது. தாமதிக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புள்ள,
ஜெயபாய்


திருவனந்தபுரம்,
27-2-1951

தம்பி தாசையனுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம் என்றே நம்புகிறேன்; ஆனால் சுகமில்லை என்றால்தானே ஒருவன் மூன்று வாரம் பேசாமல் இருப்பான்?

குழு நேற்றுக் கூடியது. பகவதிப்பெருமாள் பிள்ளை என்று ஒருவர், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் தலைவர். என் கையெழுத்துப் பிரதியைப் புரட்டி, 'குறு ரொட்டி' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த வட்டம்தான் என்னைத் தின்கிறது.

ஒரு வார்த்தை கேட்டு எழுத உனக்கு இத்தனை கஷ்டமா? தேநீர் கொடுக்கும்போது கேட்டால் முடிந்தது.

ஜெயபாய்


போனக்காடு,
9-3-1951

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தாசையன் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். சின்னவனுக்கு இழுப்பு அடங்கியிருக்கிறது. இந்த வருஷம் பனி அதிகம், தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது. பதில் பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதைத் துரைசாணியிடம் கேட்டேன். பெரிய வட்டமாகச் சுட்டு, சூடு ஆறுமுன் கத்தியால் சிறு துண்டுகளாக வெட்டுவதால் ஷார்ட் என்று பெயர் வந்ததாகச் சொன்னார்கள். நீங்கள் எழுதியதே சரி.

இனிமேல் கடித உறையில் 'பெரிய பங்களா' என்று போட வேண்டாம். எஸ்டேட் ஆபீஸ் விலாசம் போட்டால் சீக்கிரம் கிடைக்கிறது.

முழங்காலுக்குக் குறுந்தொட்டி எண்ணெய் தேய்க்கவும்.

தங்கள் தம்பி,
தாசையன்


திருவனந்தபுரம்,
18-3-1951

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டதும் வலி பாதி போய்விட்டது. 'வெட்டிய துண்டுகள் குறுகியவை ஆதலின் இப்பெயர்' என்று பாடத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஸ்காட்லாந்து நாட்டு அம்மையார் ஒருவர் கூறியது என்று அடியில் குறிப்பும் போட்டேன். இனி பென்சில் எங்கே வட்டம் போடுகிறது என்று பார்க்கிறேன்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே இன்னொரு குழி. வெண்ணெய், நெய், டால்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் புத்தகம் 'ஷார்ட்டனிங்' என்கிறது. 'மாவில் ஷார்ட்டனிங்கைத் தேய்க்கவும்.' துண்டு குட்டையாவது கத்தியால் என்றால், நெய்க்கு ஏன் அந்தப் பெயர்? நெய் எதைக் குட்டையாக்குகிறது? இரண்டு நாளாக மண்டை காய்கிறது. வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், நெய் தின்னா ஆளு குட்டையாயிடுமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டாள்.

துரைசாணியை மறுபடி கேள். இந்த முறை நன்றாக விளக்கமாகக் கேள். அவர்கள் சொல்லும் இங்கிலீஷை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புள்ள,
ஜெயபாய்


போனக்காடு,
2-5-1951

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தங்கள் சுகம் நாடுகிறோம்.

துரைசாணிக்கு உடம்பு சரியில்லாததால் அதிகம் கேட்க முடியவில்லை. நெய் சேர்த்தால் சுடுகிற நேரம் குறைகிறது, அதனால் அந்தப் பெயர் என்றார்கள். வேறு விசேஷம் இல்லை.

தாசையன்


திருவனந்தபுரம்,
20-5-1951

தாசையனுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்றுக் குழுவில் நடந்ததைக் கேள். உன் இரண்டு பதில்களையும் நான் வாசித்தேன். நெய் சேர்த்தால் நேரம் குறையும் என்ற இடத்தில் பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சரே, துண்டு சின்னதானதாலே ஷார்ட்டுன்னு மொதல்ல சொன்னியோ. இப்பம் நேரம் கொறையதுனாலேங்கியோ. ஏதாவது ஒண்ணுதானே உண்டு? அப்பம் நேரம் கூடுன பண்டத்துக்கு நீட்டு ரொட்டின்னு பேரு வைக்கலாமா?"

அச்சுக்கூடத்துக்காரர் சிரித்தார். புரூப் கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான். மூன்றாவது உறுப்பினர், கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வரும் அனந்தலக்ஷ்மி அம்மாள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. இருபது வருஷம் டீச்சராக இருந்தவள், காது சூடாகி, மேஜையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தத் துரைசாணி யாராக்கும்?" என்று பிள்ளை கேட்டார். "நெசத்துல உள்ள ஆளுதானா?"

நானே அவர்களுக்கு இங்கிலீஷில் நேராக எழுதப் போகிறேன். உன்னால் ஒரு கேள்வியைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் வாங்கி வர முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை கடிதம் தபாலில் சேரும். அவர்களிடம் சொல்லி வை.

ஜெயபாய்


போனக்காடு,
25-5-1951

மதினிக்கு ராகேல் எழுதுதது. ஸ்தோத்திரம். என் எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கிடணும். நான் எழுதுதது அவியளுக்குத் தெரியாது.

மதினி, தொரசாணிக்குக் கடுதாசி எழுதாண்டாம். எழுதுனா திரும்பி வந்துரும். தொரயும் தொரசாணியும் போன வருசம் ஆகஸ்டு மாசமே சீமைக்குப் போயாச்சு. புது மானேஜர் கொச்சியிலேருந்து அவருக்க சமையல்காரனைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு. இவியள வேண்டாம்னுட்டாவ. நாங்க பங்களாவுக்குப் பொறத்தால இருந்த வீட்ட ஒழிச்சுக் குடுத்துட்டு கூலிக்காரங்க இருக்குத லயத்துக்கு வந்து ஒம்பது மாசம் ஆவுது. அவிய இப்பம் பாக்டரி மேல்மாடியில கொழுந்து ஒலத்துத வேலைக்குப் போறாவ.

நான் அப்பவே சொன்னேன், அக்காளுக்கு எழுதுங்கன்னு. "அக்கா மிஷன் அம்மையக் கெஞ்சி வாங்கித் தந்த வேலை, போச்சுன்னு எப்பிடி எழுதுவேன்"னாவ. ஒங்க கடுதாசி வருத அன்னைக்கெல்லாம் ராத்திரி சாப்பாடு எறங்காது. சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருப்பாவ.

பிள்ளைய நல்லா இருக்கு. கோவப்படாதிங்க. கோவப்பட்டாலும் என் பேரைச் சொல்லாதிங்க.

ராகேல்


திருவனந்தபுரம்,
1-6-1951

தாசையா,

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

ஒன்பது மாதம்! இல்லாத துரைசாணிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினாயே, அப்போது உன் கை கூசவில்லையா? நீ ஏதோ கற்பனை செய்ததை நான் புத்தகத்தில் ஏற்றி, அடிக்குறிப்பும் போட்டு, ஊர் சிரிக்க வாசித்தேன். வேலை போனதற்கு நான் உன்னை அடித்திருப்பேனா? எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. பேனாவை அழுத்தி அழுத்தி இந்தத் தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது பார்.

போகட்டும். இங்கே பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். மேட்ரனிடம் பேசி முடித்துவிட்டேன். ஜூலை முதல் தேதி நீ சேருகிறாய். பின்புறம் ஓர் அறை தருவார்கள். ராகேலும் பிள்ளைகளும் பிறகு வரலாம். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் சொல்லியாயிற்று. துணிகளைக் கட்டிக்கொண்டு புறப்படு.

ஜெயபாய்


திருவனந்தபுரம்,
5-7-1951

தம்பி தாசையனுக்கு,

முதல் தேதி தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காலை முதல் மத்தியானம் வரை நின்றேன். நெடுமங்காடு வழியாக உங்கள் மலைப்பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். மேட்ரன் வேறு ஆளை வைத்துவிட்டாள். நீ பிழைத்திருக்கிறாய் என்றாவது ஒரு கார்டு போடு.

அக்கா


போனக்காடு,
29-7-1951

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை வெயிலில் நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொய் எழுதியதற்கும். மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தாளையும் கிழித்தேன். இதையாவது முடிக்கிறேன்.

வேலை போனதை வெட்கத்தால் மறைத்தேன். அது என் குற்றம். ஆனால் ஷார்ட் காரியம் வேறு. அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

ஷார்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அக்கா. புத்தகத்தில் படித்ததில்லை. கைக்குத் தெரியும். மாவில் முதலில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது ரப்பர் போல ஆகிவிடும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பாண் ரொட்டிக்கு அதுதான் வேண்டும். அதே மாவில் தண்ணீருக்கு முன்னால் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் தேய்த்தால் பொடி ஒவ்வொன்றிலும் நெய் பூசிக்கொள்ளும். அப்புறம் ஒன்றோடொன்று பிடிக்காது. இழுத்தால் நீளாது, சட்டென்று முறியும். சுட்டு வாயில் வைத்தால் மணல் வீடு மாதிரி பொலபொலவென்று உதிரும். நீளாமல் உடனே முறிவதுதான் ஷார்ட். முறிய வைக்கும் நெய்தான் ஷார்ட்டனிங். குசினிக்குப் போன முதல் வருஷம் நான் அதிகம் பிசைந்து கெடுத்தபோது, "நாட் ஷார்ட், நாட் ஷார்ட்" என்று துரைசாணி தட்டைத் தள்ளிவிடுவார்கள். தட்டு தள்ளித் தள்ளியே எனக்கு விளங்கியது.

இதை ஏன் முதல் கடிதத்திலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுத உட்கார்ந்தேன். துரைசாணியைக் கேள், துரைசாணியைக் கேள் என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். "உனக்குத் தெரியுமா, தாசையா?" என்று ஒரு கடிதத்திலும் இல்லை. ஒரு சமையல்காரன் சொன்னான் என்று உங்கள் குழுவில் வாசிக்கவா போகிறீர்கள் என்று தோன்றியது. துரைசாணி சொல்வதாக ஏதாவது எழுதினால் உங்களுக்குப் போதும் என்று நினைத்து, மூளைக்கு எட்டியதை எழுதினேன். கோபம்தான். உங்கள் மேல் கோபப்பட எனக்குத் தைரியம் இல்லாததால் அது அப்படி வெளியே வந்தது.

விடுதி வேலையும் அப்படியே. அறை பார்த்தீர்கள், பள்ளிக்கூடம் பார்த்தீர்கள், தேதியும் குறித்தீர்கள். என்னிடம் கேட்டிருக்கலாம்.

நான் வராததற்கு ராகேலைக் கோபிக்க வேண்டாம்.

தாசையன்


திருவனந்தபுரம்,
2-9-1951

அன்புத் தம்பி தாசையனுக்கு,

நீங்கள் யாவரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது வாரம், பழைய கடிதங்களில் நான் உன்னிடம் ஏதாவது கேட்டிருக்கிறேனா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் சுகம் கேட்டிருக்கிறேன். பங்களாவைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நீ சொன்னது சரி.

குழுவில் வாசித்தேன். "போனக்காட்டில் என் தம்பி தாசையன், சமையல்காரர், எழுதியது" என்று சொல்லித்தான் வாசித்தேன்.

பிள்ளை, "சமையல்காரன் சொல்லதையெல்லாம் பாடத்துல போட முடியுமா டீச்சரே?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அனந்தலக்ஷ்மி அம்மாள் பேசினாள். "ஏன் போடப்படாது? எங்காத்துல முறுக்குக்கு வெண்ணெய் ஒரு கரண்டி ஜாஸ்தியாப் போயிடுத்துன்னா, பிழிஞ்சது எண்ணெயிலேயே ஒடஞ்சு உதுந்துடும். கைமுறுக்குன்னா திரிச்சு சுத்தவே வராது. அதைத்தானே இவர் சொல்றார்? இத்தனை நாளா நாம இங்கிலீஷைப் பார்த்துண்டு உக்காந்திருந்தோம்."

பிள்ளை எழுந்து போய்ப் பெரிய அகராதியை எடுத்தார். ஷார்ட் என்ற சொல்லுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் பொருள் இருந்தது. விரலை வைத்துக் கீழே கீழே போய் ஒரு வரியில் நின்றார். 'எளிதில் நொறுங்குவது, உதிர்வது.' ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பொருளில் வழங்குகிறதாம். மனிதர் நேர்மையானவர், அதைச் சத்தமாகவே வாசித்தார். அப்புறம் தமிழில் என்ன பெயர் என்று சண்டை. பிட்கும்போது உதிர்வதால்தான் பிட்டு என்று பெயர், ஆகவே 'பிட்டு ரொட்டி' என்றேன் நான். பிள்ளைகள் குழாய்ப்புட்டை நினைப்பார்கள் என்றார் பிள்ளை. 'உதிர் ரொட்டி' என்று முடிவாயிற்று.

முடிவாகி என்ன? அச்சுக்கூடத்துக்காரர் கையைப் பிசைந்தார். சரியான பொருள் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று நாங்கள் விட்டுவைத்த அந்தப் பக்கம் உள்ள பாரம் போன வாரமே அச்சாகிவிட்டதாம். ஆயிரம் பிரதி. 'குறு ரொட்டி' என்றும், கத்தியால் வெட்டியதால் அந்தப் பெயர் என்றும், அடியில் ஸ்காட்லாந்து அம்மையார் சமேதமாக அச்சாகிக் கிடக்கிறது. மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை என்கிறார். கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் ஒட்டுவார்கள். 'பக்கம் 61: குறு ரொட்டி என்பதை உதிர் ரொட்டி எனக் கொள்க.' பிழைதிருத்தம் படிக்கிற பிள்ளையை நான் இருபது வருஷத்தில் கண்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன்.

வகுப்பில் மட்டும் நீ எழுதியபடியே சொல்லிக்கொடுத்தேன். பெண்கள் விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். முறிந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ என்ன செய்ய விரும்புகிறாய், தாசையா? நான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

அக்கா


போனக்காடு,
10-11-1951

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். மழை விட்டுவிட்டது. கொழுந்து உலர்த்தும் மாடியில் நல்ல வேலை.

நீங்கள் கேட்டு இரண்டு மாதம் யோசித்தேன். பட்டணத்துக்கு வர மனமில்லை, அக்கா. இங்கே எனக்குக் கூலி இருக்கிறது, வேதக்கோயில் இருக்கிறது, கூடப் பேச ஆள் இருக்கிறது. பங்களாவில் இருந்த காலத்தில் லயத்து ஆட்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

சமையலை விட்டுவிடவும் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஏதாவது சுட்டுத் தரச் சொல்லி லயத்து ஆட்கள் கேட்டார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல் பரப்பி அடுப்பு செய்தேன். முதல் தடவை அடி கருகியது. இரண்டாம் தடவையும் கருகியது. டால்டா வாசனை எனக்குப் பிடிக்கவில்லை. ராகேல் சிரிக்கிறாள், எனக்குத் தகரத்தை எட்டி உதைக்க வருகிறது. மூன்றாம் தடவை சுமார்.

நானும் ஒன்று கேட்கலாமா? நான் மலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் ஒரு தடவையும் வந்ததில்லை. எங்கள் வீடு லயத்தில் எத்தனையாவது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவீர்களா? விதுரை வரை பஸ். அதற்கு மேல் எஸ்டேட் லாரி, அது இல்லையென்றால் நடைதான். முழங்கால் முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். வருத்தப்பட மாட்டேன்.

தங்கள் தம்பி,
தாசையன்


திருவனந்தபுரம்,
19-11-1951

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் முடியாது. ஆனாலும் வருகிறேன்.

புத்தகக் குழு டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கூடுகிறது, அடுத்த பாகம் பற்றிப் பேச. நான் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளை முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அன்று காலை முதல் பஸ்ஸில் ஏறுவேன். இரண்டு ராத்தல் நல்ல வெண்ணெய் கொண்டுவரலாமா, உனக்கு வேறு ஏதாவது வேண்டுமா? பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று ராகேலை எழுதச் சொல். நான் அங்கே எதையும் கிளறிக் கெடுக்க மாட்டேன். நீ தேய்க்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

விதுரையில் எனக்கு வழி தெரியாது. நீ வந்து நிற்பாயா? வா என்று சொல்லவில்லை, தம்பி. கேட்கிறேன்.

அக்கா